படகுக்கு 80, பையனுக்கு 60

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நுகேகொடையில் சனிக்கிழமைகளில் நாம் நடத்தும் வாசிப்பு வட்டத்தில் இந்தத் தவணை எடுத்த புத்தகம் 'ரொபின்சன் குரூசோ'. அதை நிறுத்திவிடுங்கள் என்று சில பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். நேரில் வந்து கேட்டவர்களுக்கு நேரிலேயே பதில் சொல்லிவிட்டோம். ஆனால் பேச்சு பள்ளிவாசல் முற்றம் வரைக்கும் போய்விட்டது என்று கேள்விப்படுகிறோம். அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம். புத்தகத்தை நாம் நிறுத்தப் போவதில்லை. ஏன் என்பதைச் சொல்கிறோம்.

வந்த கருத்துகள் பலவிதம். "அதில் முஸ்லிம்களைக் கடற்கொள்ளையராகக் காட்டுகிறார்கள், நம்ம பிள்ளைகள் எதற்கு அதை வாசிக்க வேண்டும்?" என்றார் ஓர் உம்மா. "முன்னூறு வருசப் பழைய வெள்ளைக்காரக் கதை" என்றார் ஒரு வாப்பா. இன்னொருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "டீச்சர், கதை எதுவானாலும் பரவாயில்லை, ஓ.எல். இங்கிலிஷுக்கு உதவினால் போதும்." கடைசிக் கருத்துத்தான் எமக்கு அதிகம் கவலை தந்தது. முதல் இரண்டு பேரும் புத்தகத்தைப் பற்றி யோசித்தாவது இருக்கிறார்கள்.

முதலில் பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். எம்மிடம் இருந்தது படம் போட்ட சுருக்கப் பதிப்பு. ஆட்டுத்தோல் குடை, கிளி, மணலில் தெரியும் ஒற்றைக் கால்தடம் எல்லாம் அதில் உண்டு. உடைந்த கப்பலிலிருந்து குரூசோ சாமான் ஏற்றி வரும் இடம் வந்ததும், நீங்கள் என்றால் எதை எடுப்பீர்கள் என்று கேட்டோம். ஒருவன் உடனே "கேஸ் சிலிண்டர்" என்றான். 2022இல் வாப்பாவோடு வரிசையில் நின்ற பிள்ளை அவன். ஒருத்தி பால்மா என்றாள். கப்பலில் கிடைத்த காசைப் பார்த்து, நீ எதற்கும் உதவாதவன் என்று திட்டிவிட்டு, பிறகு யோசித்து அதையும் சுருட்டி எடுத்துக்கொள்வான் குரூசோ. அந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தீவில் வந்து சேர்ந்த மனிதனுக்கு அவன் 'வெள்ளிக்கிழமை' என்று பெயர் வைத்தபோது, "அப்போ ஜும்ஆவுக்குப் போவானா?" என்று ஒரு சின்னவன் கேட்டான். அதுவரை எல்லாம் சுமுகமாகத்தான் போனது.

ஒன்பதாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி தன் நானாவிடம் இருந்த முழுப் பதிப்பைக் கொண்டுவந்தபோதுதான் விஷயம் மாறியது. "டீச்சர், இதில் சூரி என்று ஒரு பையன் இருக்கிறான். நம்ம புத்தகத்தில் இல்லை" என்றாள்.

உண்மைதான். எமது சுருக்கப் பதிப்பில் அவன் இல்லை. டானியல் டிபோ 1719இல் வெளியிட்ட மூலத்தில், குரூசோ அந்தத் தீவில் ஒதுங்குவதற்கு முன்னரே பல வருசக் கதை இருக்கிறது. மொரோக்கோவின் சலே துறைமுகத்துக் கடற்கொள்ளையர் அவனைப் பிடித்து அடிமையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு வருசம் கழித்து எஜமானின் படகிலேயே தப்புகிறான். கூட வருபவன்தான் சூரி, முஸ்லிம் பையன். கரையில் இறங்க வேண்டி வந்தால் நான் முதலில் போகிறேன், என்னைத் தின்றால் நீ தப்பிக்கொள் என்று சொல்லும் அளவுக்கு விசுவாசமானவன். கடைசியில் ஒரு போர்த்துக்கீசக் கப்பல் அவர்களை ஏற்றிக்கொள்கிறது. கப்டன் படகை விலைக்குக் கேட்கிறார், 80 ஸ்பானிய வெள்ளிக் காசு. பையனையும் கேட்கிறார், 60 காசு. குரூசோ கொஞ்சம் தயங்குகிறான். பையன் கிறிஸ்தவனாக மாறினால் பத்து வருசத்தில் விடுதலை தருகிறேன் என்று கப்டன் சொல்ல, பையனும் போகிறேன் என்று சொல்ல, வியாபாரம் முடிகிறது.

பிரேசிலில் தோட்டம் போட்ட பிறகு சூரியை விட்டது பிழை என்று குரூசோ ஒரு முறை நினைத்துக்கொள்கிறான். ஏன் தெரியுமா? தோட்டத்தில் வேலைக்கு ஆள் போதவில்லை.

பிறகு அவன் எதற்காகக் கப்பல் ஏறினான் என்பதும் சின்னப் பதிப்புகளில் அநேகமாக மங்கிப்போகிறது. ஆபிரிக்காவின் கினி கரையிலிருந்து தோட்டத்துக்கு அடிமைகளைக் கொண்டுவரப் போகும் வழியில்தான் கப்பல் உடைகிறது. தான் அடிமையாக இருந்தவன், தன்னைக் காப்பாற்றிய பையனை விற்று, பிறகு அடிமைகள் வாங்கப் புறப்பட்டவன். அவனுடைய 28 வருசத் தீவு வாழ்க்கையின் முன்கதை இது.

"படகுக்கு 80, பையனுக்கு 60" என்று அந்தப் பிள்ளை வெண்பலகையில் எழுதினாள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள். "அவன்தானே சம்மதித்தான்" என்றான் ஒருவன். "நடுக்கடலில் வேறு என்ன சொல்வான்?" என்றான் பக்கத்தில் இருந்தவன். முக்கால் மணித்தியாலம் இது நடந்தது. பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் சம்மதம் என்றால் என்ன என்று இவ்வளவு கூர்மையாக வாதிட்டு நாம் இதற்கு முன் பார்த்ததில்லை.

இனி முதல் உம்மாவின் கேள்விக்கு வருவோம். முழுப் புத்தகத்தில் சூரியும் அவனுடைய எஜமானும் ஆங்கிலத்தில் 'மூர்'. அந்தச் சொல்லைக் கண்டதும் ஒரு பையன் "மூர்ஸ் கிளப்!" என்றான். இன்னொருத்திக்குத் தன் பிறப்புச் சான்றிதழ் ஞாபகம் வந்தது. தமிழில் 'இலங்கைச் சோனகர்', ஆங்கிலத்தில் 'ஸ்ரீலங்கா மூர்'. பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பல தடவை பார்த்திருக்கிறார்கள். அது எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் தாம் சண்டை பிடித்த முஸ்லிம்களுக்குப் போர்த்துக்கீசர் வைத்திருந்த பெயர் அது. 1505இல் இங்கே வந்தபோது இங்கிருந்த முஸ்லிம்களுக்கும் அதையே ஒட்டினார்கள். மொரோக்கோவுக்கும் பேருவளைக்கும் இடையில் எத்தனை ஆயிரம் மைல் என்பது அவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை. ஒரு பெயரை வைத்தவன் அதோடு ஒரு கதையையும் வைத்துவிடுகிறான் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல புத்தகம் எமக்குத் தெரியவில்லை. அதை மூடி வைத்தால் பெயர் மட்டும் சான்றிதழில் இருக்கும், கதை தெரியாது.

கடற்கொள்ளையராகக் காட்டுகிறார்களே என்றால், சலேயில் கடற்கொள்ளையர் இருந்தார்கள். அது வரலாறு. அதே காலத்தில் ஆங்கிலேயரும் போர்த்துக்கீசரும் கப்பல் கப்பலாக மனிதர்களை விற்றதும் வரலாறு. இரண்டையும் சேர்த்து வாசிக்கிற பிள்ளைக்கு ஒன்றை மறைக்க வேண்டிய அவசியம் இருக்காது. எமது பக்கத்துத் தவறுகளை மட்டும் யாரும் எழுதக் கூடாது என்று பிள்ளைக்குப் பழக்கினால், மற்றவர்களின் வீட்டிலும் அதே பழக்கம் இருக்கும்போது நாம் வாய்திறக்க முடியாது.

"பழைய வெள்ளைக்காரக் கதை, நமக்கென்ன சம்பந்தம்" என்ற வாப்பாவுக்கு இனி வருவது.

குரூசோவின் கப்பல் உடைவது கதைப்படி 1659 செப்டெம்பர் 30. அதே வருசம் நவம்பரில், நிசமான ஒரு ஆங்கிலக் கப்பல், 'ஆன்' என்று பெயர், இந்தியாவின் மசூலிப்பட்டினத்தில் புயலில் சிக்கிப் பாய்மரம் இழந்தது. திருத்துவதற்கு அது வந்து நங்கூரமிட்ட இடம் எமது கொட்டியாரக் குடா. 1660 ஏப்ரலில் கப்டனும் அவரது மகனும் இன்னும் சிலரும் மூதூர்க் கரையில் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் பிடிபட்டார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே பெயர், ரொபர்ட் நொக்ஸ். அப்பா அடுத்த வருசமே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பதரை வருசம் மலைநாட்டில் கழித்தார். தொப்பி பின்னி விற்றார், நெல்லை வட்டிக்குக் கொடுத்தார், எலதெத்தையில் காணி வாங்கி வீடு கட்டினார், பொதி சுமந்து வியாபாரம் செய்வதுபோல ஊர் ஊராகப் போய் வழி பார்த்தார். 1679 ஒக்டோபரில் இன்னொருவரோடு அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டுக்குள் நடந்து, மன்னார்ப் பக்கம் அரிப்பில் இருந்த டச்சுக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதிய புத்தகம் 1681இல் இலண்டனில் வந்தது.

டிபோ அதை வாசித்தவர் என்பதில் சந்தேகம் இல்லை. குரூசோவுக்கு அடுத்த வருசம், 1720இல் வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலில் நொக்ஸின் கதையைப் பெயர் சொல்லியே சுருக்கி எழுதியிருக்கிறார். குரூசோவுக்குக் கரு தந்தவர் என்று வழக்கமாகச் சொல்லப்படுபவர் சிலி நாட்டுக்கு அப்பால் ஒரு தீவில் நாலு வருசத்துக்கு மேல் தனியே இருந்த அலெக்சாந்தர் செல்கேர்க். அதுவும் சரிதான். ஆனால் ஒரு தீவில் வருசக்கணக்காக வீடு கட்டி, ஆடை தைத்து, வேதப் புத்தகத்தோடு காலம் கழித்து, பிறகு தப்பிய மனிதனின் விவரங்கள் டிபோவின் கையில் எமது தீவிலிருந்தும் இருந்தன. பல அறிஞர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பிடித்தது என்று சொல்லி முடியாது. ஒருவனின் உம்மம்மா மூதூர். 1893இல் அங்கே நட்ட நினைவுக் கல்லையும் 'வெள்ளைக்காரன் மரம்' என்ற பெயரையும் அவன் கேள்விப்பட்டிருந்தான். அவனுக்கு அன்று தலைகால் தெரியவில்லை.

ஆனால் நாம் பார்க்கச் சொன்னது வேறொரு வித்தியாசத்தை. குரூசோ தனியே உயிர் வாழ்ந்தான் என்பதுதான் நாவலின் பெருமை. நொக்ஸ் தனியே வாழவில்லை. கைதிகளுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று மன்னன் ஊர்களுக்குக் கட்டளை போட்டிருந்தான். தங்கள் வயலில் விளைந்த அரிசியை அந்தச் சனம் அவருக்கு அளந்தது. கடன் வாங்கினார்கள், கொடுத்தார்கள், சண்டை பிடித்தார்கள், பேசினார்கள். நாவலாக மாறும்போது அந்தச் சனம் முழுவதும் காணாமல் போய்விட்டது. தீவு காலியாகி விட்டது. எழுதுபவன் ஒரு தீவைக் காலியாக்க ஆசைப்படுவது ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நல்ல கேள்வி. பதில் சொல்லிவிடாமல் விட்டுவைத்திருக்கிறோம்.

இந்த இராஜசிங்கனின் வாப்பாதான் செனரத் மன்னன். 1626இல் போர்த்துக்கீசர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, ஆயிரக்கணக்கானோருக்குக் கிழக்கில் இடம் கொடுத்தவர். வாப்பா அகதிகளுக்கு இடம் கொடுத்தார், மகன் கப்பல்காரரைச் சிறை வைத்தார். இரண்டும் ஒரே அரண்மனை. நல்லவன் கெட்டவன் என்று கோடு போட்டு வரலாறு படிக்கிற பழக்கத்துக்கு இது நல்ல மருந்து.

நொக்ஸையும் புனிதராக்க வேண்டாம். இங்கிலாந்து திரும்பிய பிறகு அவரும் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பலில் மடகஸ்காருக்கு அடிமைகள் வாங்கப் போனார். பத்தொன்பது வருசம் சுதந்திரம் இல்லாமல் இருந்த மனிதர். இதைக் கேட்டதும் சூரியின் கட்சிக்காரப் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

மூதூர் என்று சொன்ன பிறகு இன்னொரு பெயரைச் சொல்லாமல் எழுத எமக்கு மனம் வரவில்லை. றிசானா நபீக். மூதூர்ப் பிள்ளை. 2005இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். போன சில வாரங்களில் அந்த வீட்டுக் குழந்தை இறந்தது. அதைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டார். 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வாக்குமூலம் எடுத்தபோது செய்யப்பட்ட மொழிபெயர்ப்பே சரிதானா என்று கடைசிவரை கேள்வி இருந்தது. இங்கே தீர்ப்பைப் பற்றி வாதிட நாம் வரவில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான்: ஆபத்தான கரையில் ஒதுங்கும் மனிதன் என்றதும் ஆட்டுத்தோல் குடை பிடித்த வெள்ளைக்காரன் ஞாபகம் வருகிறான். எமது சமூகத்தில் அப்படி ஒதுங்கியது யார் என்று கேட்டால் வேறு முகங்கள் வரவேண்டும். பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி, "சூரி சம்மதித்தான் என்பது போலத்தானே ஏஜென்சிப் படிவத்தில் கையெழுத்தும்?" என்று கேட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

இனிக் கொஞ்சம் கசப்பான இடம். தயவுசெய்து கோபிக்க வேண்டாம்.

தீவுக்கு வந்த மனிதனிடம் அவனுடைய பெயர் என்ன என்று குரூசோ கேட்பதே இல்லை. ஒரு கிழமையின் பெயரை வைக்கிறான். அடுத்து அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது தன்னை 'மாஸ்டர்' என்று அழைக்க. இதை வாசித்த அன்று பையன் ஒருவன் வீட்டுக்குப் போய், வீட்டில் வேலைக்கு நிற்கும் அக்காவிடம் உண்மையான பெயர் என்ன என்று கேட்டிருக்கிறான். அவரைக் கூப்பிடுகிற பெயர் அவருடைய பெயரே இல்லை. முன்பு அந்த வீட்டில் நின்றவரின் பெயர். வாய்க்குப் பழகியதால் அதையே தொடர்ந்திருக்கிறார்கள். பையன் அதைச் சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கிறான். "புத்தகத்தை நிறுத்துங்கள்" என்ற முதல் தொலைபேசி அழைப்பு எமக்கு வந்தது அதற்கு இரண்டு நாளைக்குப் பிறகு.

ஆகவே பிரச்சினை சலே கடற்கொள்ளையரிடம் தொடங்கவில்லை என்று நினைக்கிறோம்.

கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் எமது வீடுகளில் மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். வேலைக்கு வைத்துக்கொள்ளக்கூடிய ஆகக் குறைந்த வயது 14இலிருந்து 16 ஆனதே 2021இல்தான். சட்டம் அவ்வளவு பிந்தியது, எமது மனசும் பிந்தித்தான் போகிறது. தர்மம் செய்கிறோம், சாப்பாடு போடுகிறோம், பெருநாளைக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கிறோம் என்பார்கள். குரூசோவும் அந்த மனிதனுக்குச் சாப்பாடு கொடுத்தான், உடுப்புத் தைத்துக் கொடுத்தான். அவன் மோசமான எஜமான் இல்லை. அதனால்தான் அந்தக் கதையை வாசிக்கும்போது எமக்குச் சங்கடமாக இருக்க வேண்டும். சூரியின் பெயர் எம்முடையது என்று பிள்ளை கண்டுபிடித்தால் பெற்றோருக்குப் பெருமை. குரூசோவின் கதிரையும் எம் வீட்டில் கிடக்கிறது என்று அதே பிள்ளை கண்டுபிடித்தால் மட்டும் புத்தகம் கெட்டதா?

"நம்மவர் எழுதியதை வாசிக்கக் கூடாதா" என்று கேட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தனித் தீவுக் கதையை டிபோவுக்கு ஐந்நூறு வருசத்துக்கும் முன்னரே எழுதியவர் ஸ்பெயின் நாட்டு முஸ்லிம் வைத்தியர் இப்னு துபைல். கிரனடாவுக்குப் பக்கத்தில் பிறந்து 1185இல் மர்ராகிஷில் மௌத்தானவர். 'ஹய் இப்னு யக்ழான்' என்பது அந்த நூல். ஒரு குழந்தை ஆளில்லாத தீவில் வளர்கிறது. அங்கே எப்படி வந்தது என்பதற்கு அவர் இரண்டு விதம் சொல்கிறார். அதில் ஒன்று, மூஸா நபி (அலை) அவர்களின் வரலாற்றில் போல, தாய் பெட்டியில் வைத்துக் கடலில் விட்டது. மான் ஒன்று பால் கொடுத்து வளர்க்கிறது. அந்த மான் செத்தபோது, எது போனதால் இது அசையவில்லை என்று தேடி அதன் நெஞ்சைத் திறந்து பார்க்கிறான் ஹய். அங்கிருந்து தொடங்கிச் சிந்தித்துச் சிந்தித்து இறைவன் வரை போகிறான். தீவு இந்தியத் தீவுகளில் ஒன்று என்கிறார் ஆசிரியர். சில பிள்ளைகள் அது இலங்கைதான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். மத்திய கோட்டில் இருக்கிறது என்றும் அவர் சொல்கிறாரே, நாம் அதற்கு மேலே அல்லவா இருக்கிறோம் என்று உலகப் படத்தைக் காட்டினோம். ஏமாற்றம்தான்.

இந்த நூல் 1671இல் ஒக்ஸ்போர்டில் லத்தீனில் அச்சானது. 1708இல் சைமன் ஒக்லி நேரே அரபியிலிருந்து ஆங்கிலமாக்கினார். பதினொரு வருசம் கழித்துக் குரூசோ. டிபோ இதை வாசித்தார் என்று சொல்பவர்கள் உண்டு, கையில் ஆதாரம் கிடையாது. எனவே "எங்களிடம் திருடினார்கள்" என்று மார்தட்டும் பதிவுகளைப் பகிராதீர்கள். பிள்ளைகளுக்குப் பொய்ப் பெருமை வேண்டாம்.

ஒப்பிட வேண்டிய இடம் வேறு. ஹய்யின் தீவுக்கும் ஒருநாள் ஒரு மனிதன் வருகிறான், அப்சால். ஹய்க்குப் பேச்சே தெரியாது. ஒவ்வொரு பொருளாகக் காட்டி அப்சால் அவனுக்கு மொழி கற்பிக்கிறான். பிறகு ஹய் அறிந்ததைக் கேட்டு அப்சால் வியக்கிறான். யாரும் யாரையும் மாஸ்டர் என்று அழைக்கவில்லை. இரண்டு தீவிலும் நடப்பது ஒன்றேதான்: தனியாக இருந்தவனுக்கு முன்னால் இன்னொரு மனிதன் வந்து நிற்கிறான். அடுத்த நிமிசம் என்ன நடக்கிறது என்பதில்தான் இரண்டு புத்தகமும் பிரிகின்றன. (வஹி இல்லாமல் ஒருவன் சிந்தனையால் மட்டும் இறைவனை அறிய முடியுமா என்று இந்தப் புத்தகத்துக்கும் ஆட்சேபம் வரும் என்று தெரியும். மௌலவி ஒருவரை அழைத்துப் பேச வைக்க ஏற்பாடு செய்கிறோம். பிள்ளைகளின் கேள்விகளுக்கு அவரும் தயாராக வரட்டும்.)

வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நொக்ஸ் தப்பி ஓடும் பகுதியை வாசிக்கிறோம். சிங்கள மொழியில் படிக்கும் பிள்ளைகளுக்காக டேவிட் கருணாரத்னவின் மொழிபெயர்ப்பு 'எதா ஹெலதிவ' யாரிடமாவது இருந்தால் இரவல் தாருங்கள், அட்டை போட்டுத் திருப்பித் தருவோம். ஆட்சேபம் உள்ள பெற்றோரும் வாருங்கள், பின்வரிசையில் கதிரை போட்டு வைக்கிறோம். ஒரே நிபந்தனை, சூரி விற்கப்படும் அத்தியாயத்தை வாசித்துவிட்டு வாருங்கள். முழுப் பதிப்பு எம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது, இப்போது அதற்கு ஏழு பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.